மூளையில் ட்ரெயின் பொருத்த ஸ்கேன் எப்படி வழிகாட்டுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மூளையில் நீர் கோத்திருக்கு, அழுத்தம் ஏறுது, உடனே ட்ரெயின் போடணும், இங்கே கையெழுத்துப் போடுங்க" என்று டியூட்டி டாக்டர் சொல்லும் நிமிடத்தில் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். எங்கே துளை போடுவார்கள், உள்ளே பார்க்காமல் எப்படி விடுவார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறார்களாமே, இங்கே ஏன் இல்லை? அந்தக் கேள்விகளுக்கான பக்கம் இது. உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவருடைய ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்கலாம் என்பது இதைப் படித்தால் ஓரளவு புரியும்.

மூளை ட்ரெயின் என்றால் சரியாக என்ன?

மூளையின் நடுவில் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உண்டு. வென்ட்ரிக்கிள் என்பார்கள். அவற்றில் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு திரவம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டர். ஆனால் எந்த நேரத்திலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருப்பது சுமார் 150 மில்லிதான். சுரப்பதும் இரத்தத்தில் திரும்பச் சேர்வதும் சமமாக நடக்கும்வரை யாருக்கும் அது தெரிவதில்லை. வழியில் எங்காவது அடைப்பு விழுந்தால் மணிக்கு 20 மில்லி வீதம் சேர ஆரம்பிக்கும். மண்டையோடு விரிந்து இடம் தராது. அதனால் அழுத்தம் ஏறி மூளை நசுங்கும். பெரியவர்களுக்கு இயல்பான அழுத்தம் 5 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். 20, 22-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் மருத்துவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

அந்த அறைக்குள் ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயை விட்டு, திரவத்தை வெளியே ஒரு பையில் வடியவிடுவதுதான் இ.வி.டி. என்னும் வெளி வடிகுழாய். பேச்சுவழக்கில் ட்ரெயின். வடிப்பதோடு அழுத்தத்தை அளக்கவும் அதே குழாய் உதவும். நிரந்தரமாக உடலுக்குள்ளேயே, பெரும்பாலும் வயிற்றுக்கு, திரவத்தைக் கொண்டுபோகும் குழாய்க்கு ஷன்ட் என்று பெயர். இரண்டும் வேறு வேறு சிகிச்சை. ஆனால் மூளைக்குள் இருக்கும் நுனி சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

யாருக்கு இது தேவைப்படும்?

மூளை இரத்தக்குழாயில் வீக்கம் வெடித்து இரத்தம் கசிந்தவர்கள், இரத்தக் கொதிப்பால் மூளைக்குள் கசிந்த இரத்தம் அறைகளுக்குள் இறங்கியவர்கள், திரவம் போகும் வழியைக் கட்டி அடைத்தவர்கள், தலையில் பலத்த அடி பட்டவர்கள், கிருமி தொற்றிய பழைய ஷன்ட்டை எடுத்தவர்கள். குறைமாதத்தில் பிறந்து மூளைக்குள் இரத்தம் கசிந்த குழந்தைகளும் உண்டு.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு பெரிய காரணம் டி.பி. மூளைக்காய்ச்சல். அதில் திரவம் தேங்கிய நோயாளிகளை எந்த அளவுக்கு நினைவோடு இருக்கிறார்கள், கைகால் விழுந்திருக்கிறதா என்பதை வைத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இன்று உலகெங்கும் அதை வேலூர் கிரேடிங் என்றே சொல்கிறார்கள். நான்காம் நிலை என்றால் ஆழ்ந்த கோமா. அந்த நிலையில் எடுத்த எடுப்பில் ஷன்ட் போடாமல், முதலில் ட்ரெயின் வைத்து, நோயாளி கொஞ்சமாவது தேறுகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது பல இடங்களில் வழக்கம்.

ஸ்கேன் வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தார்கள்?

அப்போது வரிசையே தலைகீழாக இருந்தது. 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே கிருமி நீக்கிய முறையில் வென்ட்ரிக்கிளில் துளையிட்டுத் திரவத்தை வெளியேற்றினார். அவருக்கு உள்ளே பார்க்க எந்த வழியும் இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் 14 வருடம் இருந்தது. எக்ஸ்ரே வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அதில் எலும்பு தெரியும், மூளையும் திரவமும் தெரியாது. 1918-இல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி ஒரு வழி கண்டார். வென்ட்ரிக்கிளில் ஊசி இறக்கி, திரவத்தை எடுத்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அறைகளின் வடிவம் தெரிந்தது. அதாவது படம் வேண்டுமென்றால் முதலில் ஊசி உள்ளே போயாக வேண்டும்.

1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கியபோது இதே காற்றுப் படங்களின் காலம்தான். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் அப்போது இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. எடுத்தார்கள். படம் முன்னாலும் ஊசி பின்னாலும் வரத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான்.

பெரும்பாலான இடங்களில் "கைக்கணக்கில்" போடுகிறார்களாமே, அது என்ன?

ஆமாம், உலகம் முழுக்க இன்றும் அதுதான் வழக்கமான முறை. கேட்டால் பயமாக இருக்கும். உள்ளே நடப்பதைப் பார்த்தால் பயம் குறையும்.

மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து உச்சியை நோக்கி 10 முதல் 11 சென்டிமீட்டர் அளப்பார்கள். அங்கிருந்து பக்கவாட்டில் சுமார் 3 சென்டிமீட்டர். நேராகப் பார்க்கும் கண்ணின் கருமணிக்கு நேர்மேலே வரும். இதற்குக் கோகர் புள்ளி என்று பெயர். அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. கைகால் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி இதற்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. நடுக்கோட்டில் ஓடும் பெரிய சிரை இன்னொரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடப்பக்க மூளையில் இருப்பதால், வேறு காரணம் இல்லாவிட்டால் வலப்பக்கம்தான் துளை.

முடியைச் சிரைத்து, பேனாவால் குறியிட்டு, மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தி, தோலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் மூளையுறைக்கும் தெரியும். கையால் சுற்றும் துளைப்பானின் முனை எலும்பின் கடைசி அடுக்கைத் தாண்டும்போது பிடி சட்டென்று தளர்வது கையில் தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். மூளையுறையைக் குத்தித் திறந்தபின், உள்ளே விறைப்பான கம்பி வைத்த குழாயை இறக்குவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அதே பக்கக் கண்ணின் மூக்கோரத்தை நோக்கி. பக்கவாட்டில் பார்த்தால் காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு மேட்டை நோக்கி. 5 சென்டிமீட்டர் வாக்கில் இன்னொரு சின்னத் தளர்வு. கம்பியை உருவினால் திரவம் சொட்டும். குழாயை நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் திரவம் இதயத் துடிப்போடு ஏறி இறங்கும். நுனி அறைக்குள் இருப்பதற்கு அந்த அசைவு நல்ல அடையாளம். 7 சென்டிமீட்டருக்கு மேல் யாரும் தள்ளுவதில்லை. திரவம் வராவிட்டால் உருவிவிட்டு மறுபடி ஒருமுறை. மூன்று முறைக்குள் கிடைக்காவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி யோசிப்பது பொதுவான ஒழுங்கு.

அப்போ இதில் ஸ்கேனுக்கு என்ன வேலை?

கைக்கணக்கு என்றதும் படமே இல்லாமல் செய்வதாக நினைத்துவிடுகிறார்கள். கத்தியை எடுப்பதற்கு முன்பே முக்கால்வாசி முடிவை சி.டி. எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வலப்பக்க அறை முழுக்க இரத்தக்கட்டி உறைந்திருந்தால் அங்கே குழாய் விட்டுப் பயனில்லை, அடைத்துக்கொள்ளும். அப்போது இடப்பக்கம் போவார்கள். வீக்கத்தால் மூளை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தால் கண்ணோரத்தைக் குறிவைக்கும் வழக்கமான கோணம் ஏமாற்றும். கட்டியோ பின்னிக்கிடக்கும் இரத்தக்குழாய்களோ வழியில் இருந்தால் துளையின் இடத்தையே மாற்ற வேண்டும். அறுவை மருத்துவர் கணினித் திரையில் எலும்பிலிருந்து அறை வரை கோடு இழுத்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொண்டுதான் உள்ளே வருவார். குழாயை இறக்கும் நேரத்தில் உள்ளே காட்டும் படம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த முறையில் குழாய் சரியான இடத்துக்குப் போகிறதா?

2008-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் உள்ள பாரோ நரம்பியல் மையத்திலிருந்து வெளிவந்த ஆய்வை இதற்கு அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். படுக்கை அருகிலேயே கைக்கணக்கில் ட்ரெயின் போட்ட 346 பேரின் சி.டி.யைப் பார்த்தார்கள். 77 சதவீதம் பேருக்கு நுனி நினைத்த அறையில் இருந்தது. 10 சதவீதம் பேருக்கு எதிர்ப்பக்க அறை போன்ற, பரவாயில்லை என்று விடக்கூடிய இடம். மீதி 13 சதவீதம் பேருக்குப் போகக்கூடாத இடம்.

இதை எப்படிப் பார்ப்பது என்பது ஆளைப் பொறுத்தது. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு வேலை நடந்திருக்கிறது, அதுவும் சில நிமிடங்களில். மறுபக்கம், எட்டில் ஒருவருக்குத் தப்பியிருக்கிறது. அறைகள் நன்றாக உப்பியிருக்கும் நோயாளிக்குக் கைக்கணக்கு போதும் என்பதும், அறைகள் ஒடுங்கியோ இடம் பெயர்ந்தோ இருப்பவர்களுக்குப் போதாது என்பதும்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. விரலளவு அகலமான அறையில் சில மில்லிமீட்டர் விலகினாலும் திரவம் வரும். கோடுபோல் ஒடுங்கிய அறையில் அதே விலகல் குழாயை மூளைத்திசுவில் கொண்டுபோய் நிறுத்தும்.

இடையில் ஒரு எளிய கருவியும் உண்டு. மண்டையோட்டுக்குச் செங்குத்தாக இறக்கினால் குழாய் பெரும்பாலும் அறைக்குள்தான் போகும் என்பதை வைத்து, ஜம்ஷித் கஜார் 1985-இல் மூன்று கால் கொண்ட ஒரு வழிகாட்டியை வெளியிட்டார். மின்சாரமே வேண்டாம். மூளை ஒரு பக்கம் தள்ளப்படாதவரைக்கும் நல்ல கருவி.

நியூரோ நேவிகேஷன் என்பது எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறார்கள் என்பது இதைத்தான். முன்பே எடுத்த ஸ்கேனையும் மேசையில் கிடக்கும் தலையையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் அதன் அடிப்படை. பொருத்துவதற்கு நெற்றி, மூக்கு, கண்ணோரம் போன்ற இடங்களில் ஒரு முனைக்கோலை மெதுவாக நகர்த்துவார்கள். கணினி அந்த வளைவுகளை ஸ்கேனில் உள்ள முகத்தோடு சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கோலின் நுனி தலையில் எங்கே இருக்கிறதோ, அந்த இடம் திரையில் தெரியும். நன்றாகப் பொருந்தினால் பிழை இரண்டு மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும்.

இதில் இரண்டு வகை. ஒன்று கேமரா வைத்துக் கண்காணிப்பது. இதற்குத் தலை அசையவே கூடாது. மூன்று ஊசிகள் கொண்ட பிடிப்பானில் மண்டையோட்டை இறுக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து எல்லாம் தேவை. இன்னொன்று மின்காந்தப் புலத்தை வைத்துக் கண்காணிப்பது. நெற்றியில் ஒரு சின்னத் துண்டை ஒட்டினால் போதும், தலையை இறுக்க வேண்டாம். குழாய்க்குள் இருக்கும் கம்பியின் நுனியையே திரையில் தொடர முடியும். மண்டையோடு மெல்லியதாக இருக்கும் கைக்குழந்தைகளுக்கு ஊசிப் பிடிப்பான் போட முடியாது என்பதால் ஷன்ட் அறுவையில் இது பெரிய வசதி. பக்கத்தில் இரும்புச் சாமான்கள் இருந்தால் புலம் குலையும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் வீட்டார் கவனிக்க ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நேவிகேஷனுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய சீவல்களாக, முகமும் சேர்ந்து வரும்படி எடுத்த ஸ்கேன் வேண்டும். வேறு ஊரில் அவசரத்துக்கு எடுத்த சாதாரண சி.டி.யில் சீவல்கள் தடிமனாக இருக்கும், மூக்குக்கு மேலேயே படம் முடிந்திருக்கும். பெரிய ஃபிலிமைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். அதை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாமே தவிர நேவிகேஷன் கருவியில் ஏற்ற முடியாது. ஸ்கேன் சென்டரிலேயே முழுப் பதிவையும் வட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அது பணம் பிடுங்குவதற்காக இருக்க வேண்டியதில்லை.

திரையில் தெரிவது அந்த நேரத்துப் படமா?

இல்லை. நேவிகேஷனின் மிகப்பெரிய குறையே இதுதான். திரையில் தெரிவது ஸ்கேன் எடுத்த நேரத்து மூளை. அதற்கப்புறம் வீக்கம் கூடியிருக்கலாம், மறுபடி இரத்தம் கசிந்திருக்கலாம், முதல் முயற்சியிலேயே கொஞ்சம் திரவம் வெளியேறி அறை சுருங்கியிருக்கலாம். எதுவும் திரையில் தெரியாது. கோல் கணக்குச் சுத்தமாக அறைக்கு நடுவில் நிற்கும், அறை மட்டும் அங்கே இருக்காது. காலையில் எடுத்த ஸ்கேனை வைத்துக்கொண்டு, நடுவில் நினைவு மங்கிய நோயாளிக்கு மாலையில் குழாய் போடுவதாக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் புதிதாக ஒரு ஸ்கேன் எடுப்பதுதான் சரி. "எந்த மெஷினில் செய்றீங்க?" என்பதைவிட "எப்ப எடுத்த ஸ்கேனை வச்சு செய்றீங்க?" என்பது நல்ல கேள்வி.

அந்த நேரத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே போட வழியே இல்லையா?

அல்ட்ராசவுண்டில் உண்டு. எலும்பு அந்த அலைகளைத் தடுத்துவிடும் என்பதுதான் சிக்கல். கைக்குழந்தைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, உச்சிக்குழி திறந்திருக்கும். அதன்மேல் கருவியை வைத்தால் அறைகள் கறுப்பாகத் தெரியும், உள்ளே வரும் குழாய் பளிச்சென்ற கோடாக நகர்வதையே பார்க்கலாம். கதிர்வீச்சு கிடையாது, படுக்கையை விட்டு அசைக்க வேண்டாம். உச்சிக்குழி ஒன்றரை வயதுவாக்கில் மூடிக்கொள்ளும், அதோடு இந்த வசதி போய்விடும்.

பெரியவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டுமென்றால் துளையைப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள சின்ன முனையை வைக்க வேண்டும். படுக்கை அருகில் போடும் சில மில்லிமீட்டர் துளைக்கு இது ஒத்துவராது. தியேட்டரிலேயே சி.டி. வைத்திருக்கும் மருத்துவமனைகளும், படுக்கைக்கே உருட்டிவரும் சி.டி. வைத்திருக்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. குழாயை விட்ட கையோடு எடுத்துப் பார்த்து, தள்ளியிருந்தால் அங்கேயே சரிசெய்யலாம்.

ரோபோ, ஹோலோகிராம் கண்ணாடி, மொபைல் ஆப் எல்லாம்?

ஸ்கேனில் உள்ள அறைகளை நோயாளியின் தலைமேலேயே மிதக்கிற மாதிரி காட்டும் கண்ணாடிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். துளையின் கோணத்தைச் செல்போனில் கணக்கிட்டு, அதற்கேற்ப ஒரு எளிய தாங்கியைத் திருப்பிவைக்கும் முறையை ஜெர்மனியில் பல மருத்துவமனைகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். கையடக்கமாக, செலவு குறைவாக இருப்பதால் எனக்கு அதன்மேல் ரோபோவைவிட நம்பிக்கை அதிகம்.

ஆனால் கண்ணால் பார்த்தாலே போதும் என்று நம்புவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷன்ட்டின் நுனியை எண்டோஸ்கோப் வழியாக நேரடியாகப் பார்த்தே வைத்தால் குழாய் அடைப்பது குறையுமா என்று குழந்தைகளிடம் பெரிய ஆய்வு நடத்தி 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். குறையவில்லை. நுனி நல்ல இடத்தில் இருப்பது தேவைதான், ஆனால் குழாய் அடைத்துக்கொள்வதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன.

எங்கள் மருத்துவமனையில் நேவிகேஷன் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றணுமா?

அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நேரம்தான் மூளையைக் காப்பாற்றும். உப்பிய அறைகளோடு நினைவிழந்து கிடப்பவரை, நேவிகேஷனுக்காக ஆம்புலன்ஸில் ஏற்றி இரண்டு மணி நேரம் கொண்டுபோவது பெரும்பாலும் வேண்டாத ஆபத்து. கை பழகிய அறுவை மருத்துவரும் புதிய சி.டி.யும் இருந்தால் அங்கேயே போடுவது நல்லது. அறைகள் ஒடுங்கியிருக்கின்றன, பழைய ஷன்ட் சிக்கல், முதல் முயற்சியில் கிடைக்கவில்லை, ஆனால் நோயாளி நிதானமாக இருக்கிறார் என்றால் கதை வேறு. "இவருக்கு அறைகள் பெரிசா இருக்கா, ஒடுங்கியிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

குழாய் போட்ட பிறகும் ஏன் ஸ்கேன்?

திரவம் வந்துவிட்டது என்பதால் நுனி நல்ல இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. குழாயின் கடைசி ஓரிரு சென்டிமீட்டரில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் பாதி அறைக்குள்ளும் பாதி திசுவுக்குள்ளும் இருந்தால் இன்று வடியும், நாளை அடைக்கும். சி.டி.யில் குழாய் வெள்ளையாகத் தெரியும்படிதான் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சீவலிலும் அது ஒரு வெள்ளைப் புள்ளி; சீவல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் புள்ளி நகர்ந்து நகர்ந்து கறுப்பு அறைக்குள் போய் முடிய வேண்டும். வழியில் புதிய இரத்தக்கசிவு இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் பார்த்துவிடுவார்கள்.

இத்தனை ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதா?

ஒரு தலை சி.டி.யின் அளவு சுமார் 2 மில்லிசீவர்ட். நாம் எல்லோரும் ஒரு வருடத்தில் இயற்கையாகவே வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். உயிருக்குப் போராடும் பெரியவருக்கு அது ஒரு கணக்கே இல்லை. வாழ்நாள் முழுக்க ஷன்ட்டோடு இருக்கப்போகும் குழந்தைக்குக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அதனால்தான் குழந்தைகளுக்கு முடிந்தவரை அல்ட்ராசவுண்டும், சில நிமிடங்களில் முடியும் விரைவு எம்.ஆர்.ஐ.யும் பார்க்கிறார்கள்.

ஆபத்துகள் என்ன?

குழாய் போன வழியில் இரத்தம் கசிவது ஒன்று. பிறகு எடுக்கும் சி.டி.யில் 5 முதல் 7 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கசிவு தெரிகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உடல்நிலையைப் பாதிக்கும் அளவுக்குக் கசிவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று கிருமித்தொற்று. நல்ல ஸ்கேன் இதைத் தானாகத் தடுக்காது. ஆனால் முதல் முயற்சியிலேயே சரியான இடத்துக்குப் போனால் மறுபடி மறுபடி குத்தவோ குழாயை மாற்றவோ வேண்டியிருக்காது, அந்த வகையில் உதவும். தோலுக்கு அடியில் சில சென்டிமீட்டர் குழாயை ஓட்டி வேறு இடத்தில் வெளியே எடுப்பதும் தொற்றைக் குறைக்கத்தான். ஷன்ட் விஷயத்தில், மருந்தூட்டிய குழாய்களுக்குப் பலன் உண்டு என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,605 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரணக் குழாயில் 6 சதவீதமாக இருந்த தொற்று, ஆன்டிபயாட்டிக் ஊட்டிய குழாயில் 2 சதவீதமானது. வெள்ளி ஊட்டிய குழாயில் அந்தப் பலன் இல்லை.

கட்டிலை உயர்த்தக் கூடாது என்று நர்ஸ் கோபப்படுகிறார். ஏன்?

அவர் கோபப்படுவது நியாயம். கம்பத்தில் தொங்கும் அளவுக் குடுவையின் உயரம்தான் எவ்வளவு திரவம் வடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மொட்டைமாடித் தொட்டிக்கும் கீழ்வீட்டுக் குழாய்க்கும் உள்ள கணக்குதான். காதுத் துளை மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, அதிலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டர் மேலே என்று மருத்துவர் சொன்ன அளவில் குடுவையைக் கட்டியிருப்பார்கள். நீங்கள் பாசத்தில் தலைப்பக்கத்தை உயர்த்தினால் குடுவை தலைக்குக் கீழே போய், திரவம் மளமளவென்று வடிந்துவிடும். அறைகள் சுருங்கி, மூளை உள்வாங்கி, மேற்பரப்பில் இரத்தம் கசியலாம். வெடித்த இரத்தக்குழாய் வீக்கத்தை இன்னும் அடைக்காதவருக்கு அது மறுபடி வெடிக்கவும் கூடும். கட்டிலை இறக்கினால் வடிவதே நின்றுவிடும். நிமிர்த்துவது, திருப்புவது, ஸ்கேனுக்குக் கொண்டுபோவது எதுவானாலும் முதலில் நர்ஸ் குழாயைப் பூட்ட வேண்டும், அப்புறம் மட்டம் பார்த்துத் திறக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

சிலிக்கோன் குழாய்க்குக் காந்தத்தால் ஒன்றும் ஆகாது. நுனியில் அழுத்தமானி வைத்த குழாய் என்றால் அந்த மாடலுக்கு எம்.ஆர்.ஐ. அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். ஷன்ட்டில் வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றியமைக்கும் வால்வு இருந்தால், சில மாடல்களில் எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு அமைப்பு மாறியிருக்கும். திரும்பிப் போவதற்கு முன் வால்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வால்வு விவர அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருப்பது நல்லது.

எத்தனை நாள் இருக்கும், எப்போது எடுப்பார்கள்?

நாள் கூடக்கூடத் தொற்றின் அபாயமும் கூடும் என்பதால் தேவைக்கு மேல் வைக்க மாட்டார்கள். வடியும் திரவம் தெளிந்து, அளவு குறைந்ததும் குழாயைப் பூட்டிவிட்டு ஒரு நாள் பார்ப்பார்கள். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இல்லை, அழுத்தம் ஏறவில்லை, சி.டி.யில் அறைகள் பெரிதாகவில்லை என்றால் எடுத்துவிடலாம். பூட்டியதும் நோயாளி மங்கினால் மறுபடி திறப்பார்கள். பலமுறை அப்படி ஆனால் ஷன்ட் பற்றிப் பேச்சு வரும்.

ஷன்ட் என்றதும் வெளிநாட்டுச் சரக்குதான் நல்லது என்று கடன் வாங்கத் தேவையில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டையும் விலை பல மடங்கு கூடிய அமெரிக்க ஷன்ட்டையும் உகாண்டாவில் குழந்தைகளிடம் ஒப்பிட்டு, பெஞ்சமின் வார்ஃப் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ட்ரெயினை எடுப்பது படுக்கையிலேயே சில நிமிடத்தில் முடியும். குழாயை உருவி ஒரு தையல் போடுவார்கள். அடுத்த சில நாட்களுக்குத் தலையணை உறையைப் பாருங்கள். தையல் இடத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்து ஈரமாகியிருந்தால், காய்ச்சலோ கழுத்து விறைப்போ வந்தால், பழையபடி தூங்கித் தூங்கி விழுந்தால், செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.